எழுத்து மேல எறும்பு

எனக்கு எபிரேயம் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஆதியாகமத்தின் முதல் வசனத்தை எங்கே இழுத்து எங்கே நிறுத்தி ஓத வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: 73, 74, 92, 71, 73, 71, 75. முடிவில் இரண்டு பூஜ்யம். வீட்டு ஃபோன் நம்பரை மறந்திருக்கிறேன், இதை மறந்ததில்லை.

மரக்காணத்தில் உப்பளக் கூலிக்குப் போன வீட்டில் பிறந்தவளுக்கும் எபிரேய வேதத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் பாண்டி பஸ்தான் உறவு. புதுச்சேரியிலும் சென்னையிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் கட்டிக்கொடுக்கிற கம்பெனிகள் நிறைய. லண்டனில் விற்கிற மருத்துவப் புத்தகத்துக்குப் பக்கம் கட்டியவள் திண்டிவனத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ டிபன் பாக்ஸோடு பஸ் ஏறி வந்தவளாக இருக்கலாம். அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் அது இருக்காது. நானும் அப்படி 15 வருஷம் போய்வந்தேன்.

அதற்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு டிடிபி கடையில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. அங்கே கற்றுக்கொண்டதெல்லாம் கண்ணால் பார்த்துச் சரியாக இருந்தால் சரி என்பதுதான். ‘ஔவையார்’ அடிக்க வேண்டுமென்றால் ஒ போட்டுப் பக்கத்தில் ள போடுவோம். பேப்பரில் வந்தால் ஒன்றுபோலத்தான் தெரியும், யார் கேட்கப்போகிறார்கள்? அது இரண்டு எழுத்து, ‘ஔ’ ஓரெழுத்து, கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது எபிரேயத்தால். தமிழ்க்காரிக்குத் தமிழெழுத்தைச் சொல்லிக்கொடுக்க எங்கிருந்தோ ஒரு பழைய வேதம் வரவேண்டியிருந்தது.

பாண்டி கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சார் கூப்பிட்டு, “வலமிருந்து இடமா போற மொழி, நீ பொறுமைசாலி, பாரு” என்று ஒரு கட்டைக் கொடுத்தார். ஆதியாகமத்துக்கு ஒரு பேராசிரியர் எழுதிய உரைநூல். வசனம் முழுக்க எபிரேயத்தில், கீழே விளக்கம். மாதிரிப் பக்கம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னாடி இது, எழுத்து மேல எறும்பு ஏறிக்கிட்டு இருக்குது?” என்றாள்.

எறும்புதான். மேலேயும் கீழேயும் இடுக்கிலேயும். எபிரேயத்துக்கு எழுத்து 22, எல்லாமே மெய். உயிரோசைக்கு எழுத்தின் அடியில் புள்ளியும் கோடும் போடுகிறார்கள், ஒன்றிரண்டு மேலே. அது முதல் அடுக்கு. அதற்கு மேல் இன்னோர் அடுக்கு இருக்கிறது, அதுதான் ஓதல் குறி. ‘தெயாமிம்’ என்பார்கள். கலிலேயாக் கடலோரம் திபேரியா என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்த மசோரெத்துகள் என்ற அறிஞர்கள் பத்தாம் நூற்றாண்டுவாக்கில் இதை முழுமைப்படுத்தினார்கள். அவர்களில் பென் ஆஷேர் குடும்பத்தின் வழிதான் நிலைத்தது. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு குறி. அது மூன்று வேலை பார்க்கும். ராகம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும். சொல்லில் எந்த அசையில் அழுத்தம் என்று காட்டும். இந்தச் சொல் அடுத்த சொல்லோடு சேர்கிறதா பிரிகிறதா என்றும் சொல்லும், நம் காற்புள்ளி அரைப்புள்ளிபோல. ராகம் ஊருக்கு ஊர் வேறு. ஏமன் யூதர் ஓதுவது ஒருவிதம், பாக்தாத்துக்காரர் ஒருவிதம், ஜெர்மனிக்காரர் ஒருவிதம். குறி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

குறிகளின் பெயர்களை மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்று பேராசிரியருக்கு மெயில் போட்டேன். வேலைக்கு அது தேவையில்லைதான். ஆனால் பெயர் தெரியாத ஒன்றைப் பல்லாயிரம் தடவை பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. வந்த பதிலை அப்படியே சுவரில் ஒட்டிவைத்தேன். ஷல்ஷெலெத் என்றால் சங்கிலி. மேலே நெளிந்து நெளிந்து ஏறும் கோடு. வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்களிலும் சேர்த்து நாலே இடம்: ஆதியாகமம் 19:16, 24:12, 39:8, லேவியராகமம் 8:23. சோதோமை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் லோத்து தாமதிக்கிற இடத்தில் ஒன்று, எஜமானின் மனைவி அழைத்தபோது யோசேப்பு மறுக்கிற இடத்தில் ஒன்று. அந்த ஒரு சொல்லை நீட்டி நீட்டி ஓத வேண்டும். மனசு அல்லாடுவதைக் குறியாக எழுதிவிட்டார்கள் என்று அவர்களே விளக்கம் சொல்வார்களாம். யேராஹ் பென் யோமோ என்றால் ‘ஒரு நாள் வயசான நிலா’. நம் மூன்றாம் பிறைக்கும் முந்தின பிறை. கர்னே பாரா என்றால் பசுவின் கொம்பு. இந்தப் பிறையும் கொம்பும் ஐந்து ஆகமங்களிலும் ஒரே ஓரிடத்தில்தான், எண்ணாகமம் 35:5-இல், அடுத்தடுத்த சொற்களில் ஜோடியாக வரும். நான் வேலை பார்த்தது ஆதியாகமம், அதனால் அவற்றை என் கையால் வைக்கக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது அந்த எண்களுக்கு வருகிறேன். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் கிளேர்மான்டிலும் எபிரேய வேதம் முழுவதையும் கணினியில் ஏற்றினார்கள். அப்போது கணினிக்கு எபிரேய எழுத்து ஏது? ஆங்கில எழுத்தும் எண்ணும் அடைப்புக்குறியும்தான். மெய்க்கும் உயிருக்கும் ஆங்கில எழுத்தையும் சில்லறைக் குறிகளையும் வைத்துக்கொண்டு, ஓதல் குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டிலக்க எண் கொடுத்தார்கள். திப்ஹா 73, முனாஹ் 74, நடு நிறுத்தமான எத்னஹ்தா 92, மெர்க்கா 71, கடைசி நிறுத்தமான சில்லுக் 75, வசனம் முடிந்தால் 00. முதல் வசனத்துக்கு 7 சொல், 7 குறி. நான் ஆரம்பத்தில் சொன்ன எண் அதுதான். முகத்தைக் காட்டாத மூலம், ஆனால் ஒன்றும் சிந்தாத மூலம். எங்களுக்கு வந்த ஃபைல் அந்தப் பழைய எண் வழக்கில் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றிப் பக்கம் கட்ட வேண்டும். யூனிகோடில் எபிரேய ஓதல் குறிகள் 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டன. இன்றைக்கு மொத்தம் 30.

மாற்றுவதற்கு ஓர் அட்டவணை வேண்டும். இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் யூனிகோடு எண். அதை நான்தான் போட்டேன். போடுவது சுலபம் என்று நினைத்தேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் பெயர் இருக்கிறதே. 73 திப்ஹா, அங்கேயும் திப்ஹா. 02 ஸர்கா, அங்கேயும் ஸர்கா: 0598. டிக் போட்டுக்கொண்டே போனேன். அரை நாளில் முடிந்தது. ஸ்கிரிப்ட் எழுதுகிற தம்பி ஓடவிட்டான். பிறகு நான் எண்ணினேன். மூலத்தில் 02 எத்தனை, புதியதில் ஸர்கா எத்தனை? சமம். 73 எத்தனை, திப்ஹா எத்தனை? சமம். எல்லாக் குறிக்கும் எண்ணி ஒரு தாளில் எழுதி சாரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கிளையண்டுக்கே அனுப்பிப் பெருமைப்பட்டார்.

எண்ணுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா உப்பு சுமக்கிறவள். தை மாசியில் பாத்தியை மிதித்து இறுக்கித் தண்ணீர் கட்டினால், ஐப்பசி மழை வரும்வரை அளத்தில் வேலை இருக்கும். வெயிலில் தண்ணீர் சுண்டிச் சுண்டி, டிகிரி பார்க்கிற கருவியில் 25-ஐ எட்டும்போது பாத்தியில் உப்பு பூக்கும். ஆண்கள் வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். கூடைக்கு ஒரு கல் என்று அம்மா முந்தானையில் கூழாங்கல் முடிந்துகொள்வாள். கணக்குப்பிள்ளை நோட்டில் போடுகிற கோடும் அம்மா முந்தானையில் இருக்கிற கல்லும் சாயங்காலம் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத நாளில் அளத்தில் நடக்கிற சண்டை கடல்வரை கேட்கும்.

மசோரெத்துகளும் அம்மா கட்சிதான் என்று தெரிந்தபோது எனக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. அவர்கள் வேதத்தின் வசனங்களை எண்ணினார்கள், சொற்களை எண்ணினார்கள், எழுத்துகளைக்கூட எண்ணினார்கள். ஆதியாகமத்துக்கு 1,534 வசனம் என்று அதன் முடிவில் எழுதிவைத்தார்கள். ஒரு சொல் இந்த வடிவில் வேறெங்கும் வராது என்றால், பக்க ஓரத்தில் பொடியாக ஒரு லாமெத் எழுத்து போடுவார்கள். ‘வேறில்லை’ என்பதன் சுருக்கம். பின்னால் வருகிற நகலெழுத்தாளன் அந்தச் சொல்லைத் தனக்குத் தெரிந்த இன்னொரு சொல்லாகத் ‘திருத்தி’விடக் கூடாது என்பதற்கான காவல் அது. உலகத்தில் எந்தப் பிழைதிருத்துநரும் இவ்வளவு சந்தேகப் பிராணியாக இருந்ததில்லை. நான் அவர்களை வாத்தியாராக வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் புரூஃப் போனபோது பேராசிரியரிடமிருந்து ஒரு பக்கம் ஸ்கேன் ஆகி வந்தது. சில குறிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில் ஒரே கேள்வி: இந்த ஸர்கா ஏன் எழுத்தின் நடுவில் நிற்கிறது? அது சொல்லின் கடைசி எழுத்தில், இடது ஓரத்தில் அல்லவா தொங்க வேண்டும்?

நான் உருப்பெருக்கிப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். எழுத்துருவில் கோளாறு என்று முதலில் சொல்லிப்பார்த்தேன், எல்லோரும் சொல்வதுபோல. எழுத்துருவில் ஒன்றும் கோளாறில்லை. யூனிகோடு அட்டவணையை மறுபடி எடுத்து, பெயரை விட்டுவிட்டு, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படித்தேன். ‘ஸர்கா’ என்று பெயர் வைத்திருக்கிற 0598 உண்மையில் ஸினோரித் என்ற வேறு குறி. நாம் ஸர்கா என்று தேடுகிற குறிக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ‘ஸினோர்’, எண் 05ஏஇ. இரண்டுக்கும் உருவம் ஒன்றே, நிற்கிற இடம்தான் வேறு. பெயர் வைத்தவர்கள் மாற்றி வைத்துவிட்டார்கள். பழைய எண் வழக்கை முழுசாகப் பார்த்திருந்தால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும். அதில் ஸர்காவுக்கு 02, ஸினோரித்துக்கு 82 என்று தனித்தனியே இருந்தது. 82 எங்கள் ஃபைலில் ஒன்றுகூட இல்லை. ஸினோரித் என்ற குறி யோபு, நீதிமொழிகள், சங்கீதம் என்ற மூன்று செய்யுள் நூல்களின் தனி முறையில்தான் வரும். ஆதியாகமத்தில் வர வேலையே இல்லை. நான் ஆதியாகமம் முழுக்க அதை நட்டுவைத்திருந்தேன், அதுவும் எண்ணிக்கை பிசகாமல்.

அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மாவிடம், “எண்ணிப் பாத்துத்தாம்மா குடுத்தேன், கணக்கு சரியாத்தான் இருந்துச்சு” என்றேன். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாளா என்று தெரியாது. “கூட கணக்கு சரிதாண்டி. ஈர உப்பா காஞ்ச உப்பான்னு பாத்தியா?” என்றாள். அப்போது வாரின உப்புக்கும் வரப்பில் கிடந்து நீர் வடிந்த உப்புக்கும் கூடை ஒன்றுதான், கல் ஒன்றுதான். எடைபோட்டால்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் இரண்டு விதமாகச் சோதித்தேன். எத்தனை என்று ஒரு தரம், எங்கே என்று ஒரு தரம். ஸர்கா வந்தால் அந்த வசனத்திலேயே அதன் பின்னால் சேகோல்தா என்ற குறி வந்தாக வேண்டும், ஸர்கா அதற்குக் கட்டியக்காரன். வரவில்லையென்றால் ஏதோ தப்பு. பஷ்தாவுக்கும் கத்மாவுக்கும் உருவம் ஒன்று. பஷ்தா சொல்லின் கடைசியில் தொங்கும், கத்மா அழுத்தம் விழும் இடத்தில் நிற்கும். எத்னஹ்தா ஒரு வசனத்தில் இரண்டு வரக் கூடாது. 75 மட்டும் நேர்மாறான சங்கடம்: வசனத்தின் கடைசிச் சொல்லில் அழுத்தம் விழும் இடத்தில் நின்றால் அது சில்லுக் என்ற நிறுத்தம், வேறெங்கே நின்றாலும் மேதெக் என்ற சின்ன இழுப்பு. ஒரே கோடு, ஒரே எண், யூனிகோடிலும் ஒரே இடம். யார் என்பதை இடம்தான் சொல்லும். ஸ்கிரிப்ட் தம்பி, “அக்கா, நீங்க எபிரேயம் படிச்சிட்டீங்களா?” என்று கேட்டான். படிக்கவில்லை. ஊர் தெரியாதவளுக்குத் தெருப் பெயர்கள் தெரிந்துபோனதுபோல ஆகியிருந்தது.

பெயர் தப்பென்று தெரிந்தும் யூனிகோடு ஏன் மாற்றவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. ஒரு தரம் வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. தப்போ சரியோ, அந்தப் பெயரை நம்பி உலகம் முழுக்க எத்தனையோ நிரல்கள் ஓடுகின்றன. கீழே குறிப்பு மட்டும் எழுதுவார்கள். மசோரெத்துகளும் இதையேதான் செய்தார்கள் என்பதைப் பிறகு கவனித்தேன். மூலத்தில் ஒரு சொல் பிழையாகப் பட்டால் அதன் மெய்யெழுத்துகளைத் தொட மாட்டார்கள். எழுதியது அப்படியே இருக்கும்; ஓத வேண்டிய விதத்தை ஓரத்தில் எழுதுவார்கள். எழுதியது கெதீவ், ஓதுவது கெரே. கோபம் கொஞ்சம் அடங்கியது. பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டது என் தப்பு.

இன்னொன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் மாட்டாதவர்கள் எங்கள் தொழிலில் கிடையாது. எருசலேம். அந்த ஊர்ப் பெயரை எபிரேய வேதம் எழுதுவது ஒருவிதம், ஓதுவது ஒருவிதம். ஓதும்போது வருகிற யோத் எழுத்து எழுத்தில் பெரும்பாலும் இருக்காது. அதனால் லாமெத் என்ற ஓரெழுத்துக்கு அடியில் இரண்டு உயிர்க்குறிகள் வந்து உட்காரும்: முதலில் அகரம், அடுத்து இகரம். ஒரு மெய்க்கு ஒரு உயிர்தான் என்று நாம் இருக்கிறோம், அங்கே இரண்டு பேர் ஒரே திண்ணையில். கணினிக்கோ, ஓரெழுத்தில் பல குறிகள் ஏறும்போது எந்த வரிசையில் தட்டினாலும் ஒன்றாகக் கருத வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரிசை எண் வைத்திருக்கிறார்கள். எபிரேய இகரத்துக்கு 14, அகரத்துக்கு 17. ஃபைலை ஒழுங்குபடுத்துகிற எந்த மென்பொருள் தொட்டாலும் சின்ன எண்ணை முன்னால் இழுத்துவிடும். அகரம் இகரம் என்று அடித்து அனுப்பினால் இகரம் அகரம் என்று திரும்பி வரும். எண்ணிக்கையில் மாற்றமில்லை, குறிகளும் அதேதான். ஓதுகிறவன் வாயில் ஊரின் பெயர் மட்டும் புரண்டுவிடும்.

இதையும் திருத்த மாட்டார்கள், வரிசை எண்ணும் நிலையானது. வழி ஒன்று இருந்தது. இரண்டு உயிர்க்குறிக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை வைப்பது. 2002-இல் வந்த யூனிகோடு 3.2-இல் சேர்ந்த எழுத்து, எண் 034எஃப். அச்சில் அது இருக்காது. திரையிலும் இருக்காது. வரிசையைக் கலைக்க வருகிறவனை நடுவில் நின்று தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. எஸ்.பி.எல். ஹீப்ரூ எழுத்துருவை வடிவமைத்த ஜான் ஹட்சன் அதனோடு கொடுத்த கையேட்டில் இந்தக் குறிவரிசைத் தொல்லையெல்லாம் பொறுமையாக விளக்கியிருக்கிறார். அதைப் பிரிண்ட் எடுத்து, பக்கம் கிழியும்வரை வைத்திருந்தேன். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்துக்கும் அந்த மரியாதை கொடுத்ததில்லை. ஆதியாகமத்தில் எருசலேம் என்ற பெயர் வருவதில்லை, சாலேம் என்றுதான் ஓரிடம். உரையில் மேற்கோள் காட்டிய வேறு நூல்களின் வசனங்களில்தான் வந்தது. அவ்வளவையும் தேடித் தேடி, ஒவ்வொரு லாமெத்திலும் அந்தக் காணாத எழுத்தை வைத்தேன்.

புத்தகம் வந்தது. பிரதி ஒன்று கம்பெனிக்கு அனுப்பினார்கள், அது எங்கோ ஓர் அலமாரியில் போனது. எனக்கு ஒரு மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷம் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் மூலத்துக்கு மூலமான ஏடு, கெய்ரோவில் சாமுவேல் பென் யாக்கோபு என்பவர் 1008-ஆம் ஆண்டுவாக்கில் எழுதி முடித்தது. இப்போது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அப்போது இங்கே ராஜராஜன் காலம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறியது 1010. அங்கே ஒருவர் ஓரெழுத்துக்கு மேலும் கீழுமாக மூன்று குறி வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே கல்லில் எழுதியவர்கள் ‘க்’-குக்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்காமல் போனார்கள். எங்கள் ஊர்ப் பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சின்ன வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து பொரி தின்றிருக்கிறேன். எபிரேய வேலைக்குப் பிறகுதான் போய் எழுத்தைப் பார்த்தேன். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதி சொல்லியிருந்தும், சோழர் கல்வெட்டில் அது அபூர்வம். ஓலையிலும் அப்படித்தான், புள்ளி குத்தினால் ஏடு கிழியும். எதை மெய்யாகப் படிக்க வேண்டும், எது எகரம், எது ஏகாரம் என்பதெல்லாம் படிக்கிறவர் தலையில். அந்த ஐந்து ஆகமங்களும் எழுதி, யூதர் தொழுகைக்கூடத்தில் ஓதுகிற தோராச் சுருளும் அப்படித்தானாம். அதில் உயிர்க்குறியும் இல்லை, ஓதல் குறியும் இல்லை, வெறும் மெய். ஓதுகிறவர் குறியிட்ட புத்தகத்தை வைத்து வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, குறியில்லாத சுருளைப் பார்த்து ஓத வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஆலயத்துக்கு ஒரு தரம் போனேன். சுருள்கள் இருக்கும் பெட்டகத்துக்குத் திரை போட்டிருந்தது. திரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எழுத்தின்மேல் இசைக்குக் குறி வைக்கிற இந்த வேலையை நம் பக்கம் யாரும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி இருக்கிறதே, தெலுங்கு எழுத்தில், ஒவ்வொரு சுரத்தின் மேலும் கமகத்துக்குத் தனித்தனிக் குறி வைத்து அச்சான புத்தகம். அசைவு எது, ஜாரு எது என்று ஈய அச்சில் குறி செய்து கோத்திருக்கிறார்கள். அந்த அச்சுக்கோப்பவர் யாரோ, அவர் கண்ணை நினைத்தால் எனக்குக் கையெடுக்கத் தோன்றும். கிரந்தத்தில் சாமவேதத்துக்கு எழுத்தின் தலையில் எண்ணும் எழுத்தும் வைப்பார்கள். அவை 2014-இல் யூனிகோடு 7.0-இல் கிரந்தத்தோடு சேர்ந்து இடம் பிடித்துவிட்டன. தமிழ் எழுத்தில் இசை எழுதுகிறவர்களுக்குத்தான் இன்னும் சங்கடம்.

அந்தச் சங்கடம் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. நான் பாண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டு மரக்காணத்திலேயே வீட்டில் இருந்தபடி வேலை எடுக்கிறேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியபோது பாத்தியெல்லாம் ஏரியானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வெள்ளத்தில் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர் வீட்டு அலமாரி நனைந்துவிட்டது. ஐம்பது வருஷத்து நோட்டுகள். காயவைத்து என்னிடம் கொண்டுவந்தார். “எழுத்து தெரியுதும்மா, புள்ளிதான் சந்தேகமா இருக்கு” என்றார்.

சுரத்துக்கு மேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. வெள்ளத்தில் மை சிதறி, எல்லா எழுத்துக்கும் மேல் ஏதோ ஒரு பொட்டு. எது ஸ்தாயி, எது கறை? நான் பழைய வழியில் இறங்கினேன். ஆதி தாளத்துக்கு ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம், அதற்குள் சுரங்களை எண்ணு. பிறகு இடம். ஆரோகணத்தில் நடு ஸ்தாயி நிஷாதத்தைத் தாண்டி ஏறின ஸவுக்குப் புள்ளி இருந்தாக வேண்டும், நடு ஸ்தாயி ரிஷபத்திலிருந்து கீழே இறங்கின ஸவுக்கு மேல்புள்ளி இருந்தால் அது கறை. இரண்டிலும் தீராததை வாத்தியார் பாடிக் காட்டுவார். குரல் எந்தப் பக்கம் போகிறதோ அதைப் போட்டுக்கொள்கிறேன். மூன்று நோட்டு முடிந்திருக்கிறது, பதினொன்று பாக்கி.

கறைக்கு வழி கண்டாயிற்று. பகரத்துக்குத்தான் வழி தெரியவில்லை. ப-வுக்கு மேல் ஸ்தாயிப் புள்ளி வைத்தால் நம் கண்ணுக்கு அது ‘ப்’. மகரமும் ‘ம்’ ஆகிவிடுகிறது. கணினிக்குள் நான் வேறு எண் கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன். மெய்ப்புள்ளி வேறு, மேற்புள்ளி வேறு, தேடினால் தனித்தனியே கிடைக்கும். ஆனால் தாளில் பார்த்துப் பாடப்போகிற பிள்ளைக்கு அந்த எண் தெரியாது. புள்ளியைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், மேலே தூக்கி வைத்துப் பார்த்தேன். வாத்தியாருக்கு எதுவும் திருப்தியில்லை. பழைய ஈய அச்சுக் காலத்துத் தமிழ் சுரப் புத்தகங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று நல்ல பிரதி ஒன்றில் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால், மேல் ஸ்தாயிப் பகரம் வருகிற பக்கத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள்.